பேனருக்கு முன்னால் யாராவது வரும்வரை

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். ஒரு வருடமாகத் தெருவில் படம் எடுக்கிறீர்கள். மற்றவர்கள் எடுத்த படங்களில் சுவரில் இருக்கும் ஏதோ ஒன்றும் அதன் முன்னால் போகிற யாரோ ஒருவரும் சேர்ந்துகொண்டு பார்த்தவுடன் சிரிப்பு வருகிறது. உங்கள் கண்ணில் மட்டும் அப்படி எதுவும் படுவதில்லை. இது அதிர்ஷ்டமா, பழக்கமா, நல்ல கேமரா வாங்கினால் வருமா, ஆட்கள் சண்டைக்கு வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேமராவைப் பற்றிப் பிறகு பேசலாம், அதில் பேச அதிகம் இல்லை. அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்குக் கிடையாது. இந்த மாதிரிப் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சிரிப்பு மூட்டுகிற ஜோடியில் ஒரு ஆள் பெரும்பாலும் நகரவே மாட்டார். பேனரில் கும்பிடு போட்டபடி நிற்கும் வட்டச் செயலாளர், துணிக்கடை வாசலில் நைட்டி மாட்டிய தலையில்லாத பொம்மை, கண்ணாடிக் கடை விளம்பரத்தில் ஆள் உயரத்துக்கு இரண்டு கண்கள், பள்ளிக்கூடச் சுவரில் வரைந்த புலி, மேம்பாலத்தின் அடியில் ஓய்வெடுக்கும் லாரியின் முதுகு. இவை நேற்றும் அங்கேதான் இருந்தன. மாநகராட்சி வந்து கழற்றாத வரை நாளைக்கும் இருக்கும். அதிர்ஷ்டம் வேண்டியது மீதிப் பாதிக்கு மட்டும். நடந்துகொண்டே இரண்டு பாதியையும் ஒரே நொடியில் தேடினால் ஒன்றும் சிக்காது. முதல் பாதியைப் பார்த்து வைத்துக்கொண்டு நின்றால் இரண்டாவது பாதி தன் காலில் நடந்து வரும்.

எல்லோரும் பார்த்த படம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பாரிஸில் சான் லஸார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் 1932-ல் ஹென்றி கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் எடுத்தது. தேங்கிய தண்ணீரைத் தாண்டி ஒருவர் குதிக்கிறார், குதிகால் தண்ணீரைத் தொடுவதற்கு ஒரு இமைப்பொழுது பாக்கி. அந்த மனிதரை மட்டும் பார்த்து வியந்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறோம். பின்னால் இருக்கும் சுவரைப் பாருங்கள். அங்கே ஒட்டியிருக்கும் போஸ்டரில் ஒரு நடனக்காரரும் காலை விரித்துத் தாவிக்கொண்டிருக்கிறார், எதிர்த் திசையில். கீழே தண்ணீரில் அந்த மனிதரே தலைகீழாக இன்னொரு முறை தாவுகிறார். போஸ்டர் அவருக்கு முன்பே அங்கே இருந்தது, தண்ணீரும் இருந்தது. அந்த இடத்தில் எவரோ ஒருவர் குதித்துத்தான் ஆகவேண்டும். வேலிப் பலகைகளின் இடுக்கு வழியாக எடுத்த படம் அது. பொதுவாகத் தன் படங்களை வெட்டவே விடாத மனிதர், இதில் ஓரத்தை வெட்டியிருக்கிறார். கிராப் செய்தால் பாவம் என்று நினைக்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்ததாக, எது உங்கள் படம், எது தெருவே தயாரித்துக் கொடுத்த படம் என்கிற பிரிவு. சென்னையில் சுவரோரம் சிறுநீர் கழிப்பதைத் தடுக்க பிள்ளையார், இயேசு, மெக்கா மூன்றையும் டைல்ஸில் பதித்து வைத்திருப்பார்கள். பார்த்தால் வேடிக்கைதான். ஆனால் அந்த வேடிக்கையை வீட்டுக்காரரே செய்து முடித்துவிட்டார். நீங்கள் இடது பக்கம் நின்றாலும் வலது பக்கம் நின்றாலும் அது அதேதான். பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின நாள் பைக்கில் கணவன் மனைவிக்கு நடுவே குழந்தை மாதிரி உட்கார்ந்து போகும் பிள்ளையாரும் அப்படியே. எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நான் வைத்திருக்கும் சோதனை இது: ஒரு அடி நகர்ந்தால் வேடிக்கை காணாமல் போகிறதா? போனால் அது உங்கள் படம். போகாவிட்டால் நீங்கள் ஒரு தகவலைப் பதிவு செய்திருக்கிறீர்கள். கேமராவுக்கு ஒரே ஒரு கண். பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் ஒரே தாளில் அழுத்தி ஒட்டிவிடும். அந்த ஓட்டைதான் இந்த வகைப் படங்களுக்கு மூலதனம். நம் இரண்டு கண்களும் தூரத்தைப் பிரித்துக் காட்டிக்கொண்டே இருப்பதால்தான் தெருவில் நடக்கும்போது இந்த ஜோடிகள் தெரிவதில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு தெருவைப் பாருங்கள், கொஞ்சம் புரியும். ரங்கநாதன் தெருவில் மட்டும் இதைச் செய்யாதீர்கள், யார் மீதாவது மோதிவிடுவீர்கள்.

பொம்மையை வைத்து விளக்குகிறேன், ஏனென்றால் இதைக் கற்றுக்கொள்ள அதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடையாது. தி.நகரிலோ புரசைவாக்கத்திலோ நடைபாதையில் நைட்டி, சுடிதார் மாட்டி வரிசையாக நிறுத்தியிருப்பார்களே, தலையில்லாத பொம்மைகள். பின்னால் நடந்து போகிறவரின் தலை பொம்மையின் கழுத்தில் வந்து உட்கார்ந்தால் படம். மீசை வைத்த, நெற்றியில் பட்டை போட்ட பெரியவரின் தலை பூப்போட்ட நைட்டிக்கு மேலே வந்துவிட்டால் அதற்கு விளக்கமே வேண்டாம்.

எல்லோரும் கேமராவைத் தங்கள் கண் உயரத்தில் வைத்துக்கொண்டு இதை முயற்சி செய்கிறார்கள். தலை வருகிறது, ஆனால் கழுத்துக்கும் தாடைக்கும் நடுவே சட்டைக் காலர் எட்டிப் பார்த்துக் காரியத்தைக் கெடுக்கிறது. காரணம் எளிது. சமதரையில் உங்கள் கேமரா எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்தில் இருப்பவை எல்லாம், பக்கத்தில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும், படத்தில் ஒரே கோட்டில் விழும். அதனால் கேமராவைப் பொம்மையின் கழுத்து வெட்டுப்பட்ட உயரத்துக்கு இறக்கிவிடுங்கள், மேலேயோ கீழேயோ சாய்க்காமல் நேராகப் பிடியுங்கள். இப்போது பின்னால் போகிறவர்களில் யாருக்கெல்லாம் தாடை அந்த உயரத்தில் இருக்கிறதோ, அவர்கள் எத்தனை அடி தள்ளிப் போனாலும் தலை சரியாகக் கழுத்தின் மேல் வந்து அமரும். உடம்பைப் பொம்மை மறைத்துக்கொள்ளும். மிகவும் தள்ளிப் போனால் தலை சின்னதாகிவிடும், அதுவும் ஒருவிதத்தில் வேடிக்கைதான், ஆனால் நம்பும்படி இருக்காது. பொம்மைக்கு ஒட்டியபடி பின்னால் போகிறவர்தான் வேண்டும். பொம்மை நடைபாதையிலும் ஆள் ரோட்டிலும் இருந்தால் அரை அடி வித்தியாசம் வரும், அப்போது கொஞ்சம் உயரமான ஆளுக்குக் காத்திருக்க வேண்டும். பாண்டி பஜாரில் 2019-ல் அகலப்படுத்திய நடைபாதை இதற்கு வசதி, எல்லோரும் ஒரே தளத்தில் நடக்கிறார்கள்.

இதையே பொதுவாகச் சொன்னால், கேமராவைத் தாழ்த்தினால் பக்கத்தில் இருப்பது பின்னணியில் இருப்பதைவிட மேலே ஏறும். உயர்த்தினால் கீழே இறங்கும். வலது பக்கம் ஒரு அடி வைத்தால் பக்கத்தில் இருப்பது பின்னணியின் மேல் இடது பக்கமாகச் சறுக்கும். இந்த மூன்று அசைவும் கைப்பழக்கம் ஆகிவிட்டால் தெரு வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும்.

பேனருக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பேனரில் இருக்கும் முகம் மனித முகத்தைப் போல ஐந்து மடங்கு பெரியது என்று வைத்துக்கொள்ளுங்கள். நடந்து வருகிறவரின் முகமும் அதுவும் படத்தில் ஒரே அளவில் இருக்க வேண்டுமானால், அவர் உங்களிடமிருந்து இருக்கும் தூரத்தைப் போல ஐந்து மடங்கு தூரத்தில் பேனர் இருக்க வேண்டும். ஆள் 2 மீட்டரில் என்றால் பேனர் 10 மீட்டரில். அதாவது ரோட்டின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு, இந்தப் பக்க நடைபாதையில் வருகிறவரை எதிர்ப்பக்கப் பேனரோடு சேர்க்க வேண்டும். பேனருக்குக் கீழேயே நிற்கிறவரை எடுத்தால் பேனர் பூதமாகவும் ஆள் எறும்பாகவும் தெரிவார்கள். அந்த அளவு வித்தியாசமே சொல்ல வந்த விஷயம் என்றால் சரி. இல்லாவிட்டால் வெறும் பேனர் படம்தான் மிஞ்சும்.

எந்த மாதிரி ஜோடியைத் தேடுவது? சிலர் நிறம், வடிவம், அளவு என்று பட்டியல் கொடுப்பார்கள். என்னைக் கேட்டால் பார்வையிலிருந்து தொடங்குங்கள், அதாவது யார் எதைப் பார்க்கிறார்கள் என்பதிலிருந்து. ராபர்ட் துவானோ 1948-ல் பாரிஸில் ஒரு பழம்பொருள் கடையின் உள்ளே இருந்துகொண்டு கண்ணாடி வழியாக வெளியே பார்த்துப் படம் எடுத்தார். கடை ஜன்னலில் ஒரு நிர்வாணப் பெண்ணின் ஓவியம் வைத்திருந்தது. ஒவ்வொருவராக வருகிறார்கள், போகிறார்கள், முகம் ஒவ்வொரு மாதிரி போகிறது. அந்த வரிசையில் பேர் வாங்கிய படம் ஒரு கணவன் மனைவி. மனைவி வேறு ஒரு ஓவியத்தைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார், அந்த ஓவியத்தின் பின்பக்கம்தான் நமக்குத் தெரிகிறது. கணவர் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் பக்கவாட்டில் ஓட்டுகிறார். ஓவியம் ஒரு ஓரம், அவர் இன்னொரு ஓரம், நடுவில் ஒன்றும் அறியாத மனைவி. நம் கண் அந்த மூவருக்கும் நடுவே போய்ப் போய் வருகிறது. தலை திரும்பியிருந்தால் படம் செத்திருக்கும்.

மாட்ரிட் நகரின் ப்ராடோ அருங்காட்சியகத்தில் எலியட் எர்விட் 1995-ல் எடுத்ததும் இதே குடும்பம்தான். கோயா ஒரே பெண்ணை ஒரே மாதிரி சாய்ந்த நிலையில் உடை அணிந்தும் உடை இல்லாமலும் வரைந்த இரண்டு ஓவியங்கள் அடுத்தடுத்து மாட்டியிருக்கின்றன. உடை அணிந்த ஓவியத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெண். மற்றதற்கு முன்னால் ஆண்கள் கூட்டம். எல்லோரும் முதுகுதான் காட்டுகிறார்கள், ஒரு முகம்கூடத் தெரியவில்லை. ஓவியங்கள் எங்கேயும் போகப்போவதில்லை, கூட்டம் இப்படிப் பிரிகிற வரைக்கும் நின்றால் போதும். நிற்பதுதான் கஷ்டம்.

நம் ஊர்ப் பேனர்களில் பார்வையை வைத்து விளையாடுவது கொஞ்சம் சிரமம். பேனரில் இருக்கிற எல்லோரும் நேராக ரோட்டைப் பார்த்துச் சிரிக்கிறார்கள், பக்கவாட்டில் பார்க்கிற வழக்கம் கிடையாது. ஆனால் கைகள் இருக்கின்றன. கும்பிடும் கை, ஆட்டும் கை, நெஞ்சில் வைத்த கை, விரலை நீட்டி எதையோ சுட்டிக்காட்டும் கை. எத்தனை முறை நீதிமன்றம் தடை போட்டாலும் காதணி விழாவுக்கும் பிறந்த நாளுக்கும் திரும்பத் திரும்ப முளைக்கிற கைகள். கீழே பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறவர், டீக்கடையில் கணக்குச் சொல்லி விரல் நீட்டுகிறவர், போன் பேசிக்கொண்டே காற்றில் யாரையோ திட்டுகிறவர் என்று நம் ஆட்களின் கைகளும் சும்மா இருப்பதில்லை. மேலே கும்பிடு, கீழே அதே மாதிரி கையைச் சேர்த்து ஒருவர் கொசு அடிக்கிறார். இந்த ஊரில் சைகைதான் மலிவாகக் கிடைக்கும் சரக்கு, அதில் தொடங்குங்கள். ஒரே ஒரு வகையை மட்டும் நான் தொடுவதில்லை: கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள். அந்த வீட்டில் இன்னும் பதினாறு முடிந்திருக்காது.

வடிவம் வடிவத்தோடு சேர்வது கண்ணுக்குப் பிடிக்க நாளாகும், கிடைத்தால் அதற்கு நிகர் இல்லை. எர்விட்டே 1968-ல் ஃப்ளோரிடாவில் எடுத்த ஒரு படத்தில் ஒரு கொக்கும், பக்கத்தில் தரையிலிருந்து எழும்பி நிற்கும் ஒரு தண்ணீர்க் குழாயும் இருக்கின்றன. குழாய்க்கும் அலகு மாதிரி ஒரு முனை. இரண்டும் ஒரே ஜாதி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். யாரைக் கேலி செய்தும் இல்லை, கருத்து ஒன்றும் இல்லை. வருடக்கணக்கில் பார்க்கலாம். அவருடைய இன்னொரு படம் உங்களுக்கும் தெரிந்திருக்கும்: 1974, நியூயார்க், தொப்பியும் ஸ்வெட்டரும் போட்ட சின்ன நாய், பக்கத்தில் பூட்ஸ் போட்ட ஒரு பெண்ணின் கால்கள், அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கால்கள். கொஞ்சம் பொறுத்துத்தான் அவை ஒரு பெரிய நாயின் முன்னங்கால்கள் என்று தெரியும். கேமராவைச் சின்ன நாயின் முகத்துக்கு இறக்கியதால் கிடைத்தது அது. ஆனால் அது தெருவில் தற்செயலாகக் கிடைத்த படமில்லை, பூட்ஸ் விளம்பரத்துக்காக எடுத்தது. கிடைத்த படமா, அமைத்த படமா என்று தெரிந்துகொண்டு ஒப்பிடுங்கள். விளம்பரத்துக்காக அமைத்ததோடு உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் படத்தை ஒப்பிட்டு நொந்துகொள்ள வேண்டியதில்லை. அந்த மனிதர் நாய்களைப் பார்த்துக் குரைப்பாராம், அவை திரும்பிப் பார்ப்பதற்காக. தி.நகரில் அது தேவைப்படாது.

சரி, யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்ற விஷயத்துக்கு வருவோம். ஆடம்பர அடுக்குமாடி விளம்பரத்துக்குக் கீழே நடைபாதையில் தூங்குகிறவர். இந்தியாவில் தெருப் படம் எடுக்கிற எல்லோரிடமும் இது ஒன்று இருக்கும். எடுத்தவர் இதை விமர்சனம் என்று நினைத்துக்கொள்கிறார். பார்க்கிறவருக்கு அதில் புதிதாக ஒன்றும் கிடைப்பதில்லை, தூங்கினவருக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. இந்த வகையின் தாய்ப் படம் என்று சொல்லத்தக்கது 1937-ல் மார்கரெட் பர்க்-ஒயிட் எடுத்தது. காந்தியும் கைராட்டையும் இருக்கும் 1946 படத்தை எடுத்தாரே, அதே பெண்மணி. ஒஹையோ ஆற்றில் பெருவெள்ளம் வந்து கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரம் மூழ்கியிருந்தது. நிவாரணத்துக்காகக் கறுப்பின மக்கள் வரிசையில் நிற்கிறார்கள், கையில் கூடை, பை, வாளி. அவர்களுக்குப் பின்னால் பெரிய விளம்பரப் பலகை: காரில் ஒரு வெள்ளைக் குடும்பம், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய், எல்லோருக்கும் வாயெல்லாம் பல். உலகிலேயே உயர்ந்த வாழ்க்கைத் தரம் அமெரிக்காவுடையது என்று மேலே எழுதியிருக்கிறது. லைஃப் பத்திரிகையில் வந்தது.

ஏன் அது இன்னும் நிற்கிறது என்று பாருங்கள். வரிசையில் நிற்கிறவர்கள் குனியவில்லை, கெஞ்சவில்லை, கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு அலுத்துப்போய் நிற்கிறார்கள். நம் பஸ் ஸ்டாப்பில் நிற்பது மாதிரி. சிலர் நேராகக் கேமராவையே பார்க்கிறார்கள். அசட்டுத்தனமாகத் தெரிவது காரில் இருக்கிற குடும்பம்தான். கார் வரிசையில் நிற்கிறவர்களின் தலைமேல் ஏறி ஓடுகிற மாதிரி இருக்கிறது, ஆனால் ஓட முடியாமல் பலகையில் மாட்டிக்கொண்டதும் அதுவே. சிரிப்பு பலகையின் மேல் விழுகிறது, ஆட்களின் மேல் விழவில்லை. அதே 1937-ல் டோரத்தியா லாங்கும் கலிஃபோர்னியாவில் மூட்டையோடு ரோட்டோரம் நடந்து போகிற இரண்டு பேரையும், அடுத்த முறை ரயிலில் போய்ப் பாருங்கள், ஓய்வாகப் போகலாம் என்கிற ரயில்வே விளம்பரத்தையும் ஒன்றாக எடுத்தார். அங்கேயும் அசடு வழிவது விளம்பரம்தான். நீங்கள் எடுப்பதில் எது அசடு வழிகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பதில் எப்போதும் ஏழை, குண்டானவர், வயதானவர் என்றே வந்துகொண்டிருந்தால் கொஞ்ச நாள் பேனரை விட்டுவிட்டுக் கொக்கையும் குழாயையும் தேடுவது நல்லது.

திருவிழாக்களைப் பற்றி ஒரு வார்த்தை. குலசேகரன்பட்டினம் முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு மாலை போட்ட பக்தர்கள் காளி, அனுமன், ராஜா, போலீஸ், குறவன் குறத்தி என்று வேஷம் கட்டிக்கொண்டு தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமெல்லாம் காணிக்கை வாங்கப் போவார்கள். டீக்கடையில் காளி, பஸ்ஸில் காளி, செல்போனில் காளி. முதல் முறை போகிறவருக்கு மெமரி கார்டு போதாது. திரும்பி வந்து பார்த்தால் எல்லோரிடமும் அதே செல்போன் காளி இருக்கும். நான் மேலே சொன்ன ஒரு அடி சோதனையை அங்கே போட்டுப் பாருங்கள். பெரும்பாலான படங்கள் தேறாது, ஏனென்றால் வேஷமும் டீ கிளாஸும் ஏற்கெனவே ஜோடியாகத்தான் இருந்தன. அங்கே போனால் வேஷம் போட்டவரை விட்டுவிட்டு, அவரைத் துளியும் சட்டை செய்யாமல் பேப்பர் படிக்கிறவரைத் தேடுங்கள். வேஷம் அந்த ஊருக்குச் சாதாரணம் என்பதுதான் வெளியூர்க்காரனுக்கு உண்மையில் வியப்பான விஷயம்.

மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் நவராத்திரிக்கு முன்னால் போடும் கொலு பொம்மைக் கடைகள் இதைவிட நல்ல பள்ளிக்கூடம். வரிசை வரிசையாகத் தசாவதாரம், கல்யாண செட், கிரிக்கெட் செட், தொப்பை வைத்த செட்டியாரும் ஆச்சியும். மதியம் இரண்டு மணிக்குப் போனால் கூட்டம் இருக்காது, கடைக்காரர்கள் பொம்மைகளுக்கு நடுவே சாப்பிட்டுக்கொண்டோ கண்ணயர்ந்தோ இருப்பார்கள். முன்னால் பாற்கடலில் படுத்திருக்கும் பெருமாள், பின்னால் அதே வாகில் கையை மடித்துத் தலைக்கு வைத்து ஒருவர். இங்கே பொம்மை பக்கத்திலும் ஆள் தள்ளியும் இருப்பதால் அளவுக் கணக்கு தலைகீழாகும். அரை அடிப் பொம்மையை லென்ஸுக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவும் மனிதரும் ஒரே உயரமாகிவிடுவார்கள். விலை பேசுகிற அம்மாவுக்கு எதிரே செட்டியார் பொம்மை வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதை அங்கே ஒரு மதியம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பேரத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று அந்த முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

நிற்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு சுவர் பிடித்துவிட்டால் முதலில் ஆள் இல்லாமல் ஃப்ரேமை முடித்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் மின்பெட்டி வருகிறதா, வெயில் எந்தப் பக்கம், ஆள் எந்த இடத்தில் கால் வைக்கும்போது ஜோடி சேரும் என்று. அந்த இடத்தில் தரையில் ஏதாவது அடையாளம் பார்த்து வைத்துக்கொள்ளலாம், உடைந்த டைல்ஸ், மேன்ஹோல் மூடி. சாதாரணமாக நடக்கிறவர் ஒரு நொடியில் ஒரு மீட்டருக்கு மேல் கடந்துவிடுவார், ஜோடி சேர்ந்திருப்பது அரை நொடிகூட இருக்காது. அவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் தவறிவிடும். அடையாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பிடித்துவிடலாம். வெயில் நேராக அடிக்கும் நேரத்தைவிடச் சுவர் நிழலில் இருக்கும் நேரம் இதற்கு நல்லது. ஃப்ளெக்ஸ் பளபளக்காது, பேனரில் இருக்கும் முகமும் ஆளின் முகமும் ஒரே வெளிச்சத்தில் இருக்கும், அதனால் கண் ஏமாறும். இரண்டும் வேறு வேறு வெளிச்சத்தில் இருந்தால் கண் உடனே பிரித்துவிடும்.

ஒரே இடத்தில் நின்றால் யாராவது வந்து கேட்பார்கள், அது நிச்சயம். பேனருக்கு எதிரே கேமராவோடு நின்றால் முதலில் வரும் கேள்வி, "சார், கார்ப்பரேஷன்லருந்து வர்றீங்களா?" என்பதுதான். "இல்லண்ணே, சும்மா போட்டோ எடுக்கறேன், இந்தக் கலர் நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு எடுத்ததைக் காட்டினால் பத்தில் ஒன்பது பேர் டீ சொல்லிவிடுவார்கள். மறைந்து எடுக்காதீர்கள். மறைந்தால்தான் சந்தேகம் வரும். யாராவது அழிக்கச் சொன்னால் அவர் கண் முன்னால் அழித்துவிடுங்கள், சட்டம் பேசாதீர்கள். இன்னொரு ஜோடி நாளைக்கு வரும். குழந்தைகள் படத்தில் இருந்தால் கூட இருக்கும் பெரியவரிடம் கேட்டுவிட்டுத்தான் எங்கேயும் போட வேண்டும்.

இனி கேமரா. தூரத்தில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் இரண்டும் தெளிவாக இருக்க வேண்டிய வகை இது. அதனால் பின்னணியை மங்கலாக்குகிற விலை உயர்ந்த லென்ஸ் இங்கே எதிரி. முழு ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 28 மி.மீ. லென்ஸ், லென்ஸின் துளை எஃப் 8, ஃபோகஸை மூன்றரை மீட்டரில் பூட்டிவிட்டால் ஏறத்தாழ 1.7 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவாக இருக்கும். ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாக வேண்டாம். போன் போதுமா என்றால், இந்த ஒரு விஷயத்தில் போன் பெரிய கேமராவைவிட வசதி. சென்சார் சின்னது என்பதால் எல்லாமே தெளிவாக விழும். கீழே இறக்கிப் பிடிக்கச் சுலபம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. போர்ட்ரெயிட் மோடை அணைத்துவிடுங்கள். அல்ட்ரா வைடில் எடுக்காதீர்கள், பின்னணியில் இருக்கும் பேனர் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். திரையில் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், பிறகு ஆள் வரும்போது தொடர்ச்சியாகச் சுடலாம்.

வீட்டுக்கு வந்தவுடன் அன்றைக்கே தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் யோசனை. காத்திருந்த அலுப்பும் கிடைத்த சந்தோஷமும் சேர்ந்து சுமாரான படத்தையும் பிரமாதம் என்று சொல்ல வைக்கும். நியூயார்க்கில் கேரி வினோகிராண்ட் எடுத்த ஃபிலிமை ஒரு வருடத்துக்கு மேல்கூடக் கழுவாமல் வைத்திருப்பார், எடுத்த நேரத்து மனநிலை மறந்துபோகட்டும் என்று. 1984-ல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்கள் மட்டும் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தன. அந்த அளவுக்குப் போக வேண்டாம், இரண்டு வாரம் ஆறப்போடுங்கள். பிறகு படத்தைக் காட்டாமல் அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாரிடமாவது வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போதே அவர்கள் சிரித்து முடித்துவிட்டு, படத்தைக் காட்டும்போது 'ம்' என்று மட்டும் சொன்னால், அது படமாக வரவில்லை, ஜோக்காகத்தான் வந்திருக்கிறது. சொன்னபோது ஒன்றும் புரியாமல், பார்த்தபோது சிரித்தால் வைத்துக்கொள்ளுங்கள். கடைப் பலகையில் இருக்கும் எழுத்துப்பிழைப் படங்கள் எல்லாம் இந்தச் சோதனையில் அடிபட்டுப்போகும்.

படத்துக்குக் கீழே 'வாழ்க்கை ஒரு நாடகம்', 'முரண்' என்றெல்லாம் எழுதாதீர்கள். எர்விட்டின் படங்களுக்குக் கீழே பெரும்பாலும் ஊர் பெயரும் வருடமும்தான் இருக்கும். புரசைவாக்கம், 2024 என்று போட்டால் போதும், நைட்டி போட்ட பெரியவரை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.